சந்தோஷத்தில் குடித்தவன்

போன மாதம், மகள் வருகிறாள் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் வர வெகுநேரம் இருக்கும்போதே மலைமேல் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டேன். சேலத்தில் பஸ் ஏறியதும் அவள் போனில் சொல்லியிருந்தாள்:

"வர்றேனுங்ப்பா. ஆனா வாயில நாத்தம் வந்துச்சுன்னா அதே பஸ்ல திரும்பிருவேன்."

அப்படிப் பேசவைத்தது நான்தான். அவள் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால், குடித்துவிட்டு மேடையில் விழுந்தேன். அன்று எனக்கு ஒரு துக்கமும் இல்லை. தாங்க முடியாத சந்தோஷம். அதன்பின் அவள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நான் எப்போதும் மகிழ்ச்சியில்தான் குடித்தேன். காபி எஸ்டேட்டில் மேலாளராக இருந்தபோது நல்ல மகசூலா, மகள் வகுப்பில் முதலா, உடனே பாட்டில். குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியும் உடம்பு அதை மறக்கவில்லை என்பது அந்த நிறுத்தத்தில்தான் புரிந்தது. பஸ் மலையேறத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தேன். நெஞ்சு குதித்தது. கூடவே வாயில் எச்சில் ஊறியது! மதுக்கடை கூப்பிடு தூரம். ஒரே ஒரு மடக்கு, நாற்றம் மறைக்க மேலே ஏலக்காய், யாருக்குத் தெரியும் என்று மனம் எனக்காக வாதாடியது. கால் நகர்ந்தும்விட்டது.

மகளுக்கே போன் போட்டேன்.

"எங்க வர்றே கண்ணு?"

"பாதி வளைவு தாண்டியாச்சுங்ப்பா. தலை நொம்ப சுத்துது. எலுமிச்சம்பழத்த மோந்துட்டே வர்றேன்."

"கண்ணு, எனக்கு இப்பக் குடிக்கோணும்போல இருக்குது."

இணைப்பு அறுந்தது. வளைவில் சிக்னல் போய்விட்டதா, அவளே வைத்துவிட்டாளா, தெரியவில்லை. நிறுத்தத்தின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆசை ஏறியது. மூச்சு முட்ட ஏறியது. உச்சியில் நின்றது. பிறகு, என்ன ஆச்சரியம், தானாகவே இறங்கியது! இத்தனை வருடத்தில் அது இறங்கும்வரை நான் ஒருமுறைகூடக் காத்திருந்ததில்லை.

பஸ் வந்தது. இறங்கியவள் நேராக வந்து என் முகத்தருகே குனிந்து முகர்ந்தாள்.

"குடிக்கோணும்போல இருக்குன்னீங்க, போன் கட்டாயிருச்சு. அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"அப்புறம் பஸ் வந்துருச்சு கண்ணு."

சிரித்துவிட்டாள். அவள் பையை வாங்கக் கை நீட்டினேன். கம்பி அழுந்திச் சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அவள் தரவில்லை.

"முன்னால நடங்க. ஊட்டுக்குப் போலாம்."