அந்தப் பக்கம் அழுத்த வேண்டிய பட்டன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "மொதல்ல ஒயரச் செக் பண்ணுங்க" என்று சொல்கிற ஆள் நான். பன்னிரண்டு வருடமாகத் திருத்தணியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தானாக அணைகிற மானிட்டர், தானாக ஓடுகிற பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு லூஸ் கனெக்‌ஷனோ ஒரு எலியோதான் இருந்திருக்கிறது. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் வருத்தமில்லை, வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மலையடிவாரத்தில் முனிரத்தினம் என்பவர் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறார். வெளியூர் டாக்டர்கள் அவரவர் இடத்திலிருந்தே படங்களைப் பார்க்கட்டும் என்று ஆடி பிறந்ததும் அவருக்கு ஒரு ரிமோட் சர்வர் போட்டுக் கொடுத்தேன். மனிதர் இரண்டு விஷயத்தில் கறார். அந்த ஏசி அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது, கேட்காமலும் நுழையக் கூடாது. "கம்ப்யூட்டர் வழியா வந்தாலும் அதான்மா. கதவத் தட்டட்டும், நான் தொறந்தாத்தான் உள்ள வரணும்" என்றார். அதனால் வெளியிலிருந்து யார் வந்தாலும் அங்கே திரையில் ஒரு கேள்வி வரும். அரை நிமிடத்துக்குள் அங்கே இருப்பவர் 'அனுமதி' பட்டனை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் தொடர்பு அறுந்துவிடும். ஆள் இல்லாத அவசரத்துக்கு என்று தனியாக ஒரு வழி கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், புத்தி கெட்டவள்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை, சென்னைக்கு நூல் வாங்கப் போன என் அக்கா வீட்டுக்காரர் மயங்கி விழுந்துவிட்டார். பாவா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதற்காகத் தன் இரண்டு தறியில் ஒன்றை விற்றவர். தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். போன மாதம் முனிரத்தினத்திடம் எடுத்த ஸ்கேனைப் பார்த்தால்தான் எது பழைய கசிவு, எது புதுசு என்று தெரியும், தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று முடிவு செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் அப்போது திருவள்ளூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். காவடிக் கூட்டம் என்று கனகம்மாசத்திரத்திலேயே வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். முனிரத்தினமோ வருடா வருடம் காவடி எடுக்கிறவர். அன்று முழுக்க மௌன விரதம், போனைத் தொடவே மாட்டார். சென்டரைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறிவிட்டார். உள்ளே கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரோட்டோரப் பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே நுழைய முயன்றேன். காத்திருக்கவும் என்று வந்தது, அரை நிமிடம் ஓடியது, அறுந்தது. மறுபடி. மறுபடி. பூட்டிய அறையில் யார் அழுத்துவார்கள்? தெரிந்தேதான் தட்டிக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்ய?

"இன்னாமா, ஏன் அழுதுகினு கீற?" என்றார் கடைக்காரர். பதில் சொல்வதற்குள் அக்காவின் போன்.

"சுமதி, ஒரு மணிக்கு மேல போனா ஒண்ணும் பண்ண முடியாதுன்றாங்கடி. அவரு கண்ணே தொறக்கல. எதனா பண்ணுடி."

"பண்ணிகினுதான்க்கா இருக்கேன்."

போனை வைத்துவிட்டு மறுபடியும் தட்டினேன். திரையைப் பார்த்துக்கொண்டு, முருகா, ஒரே ஒரு தடவை அந்த அறைக்குள் என்னை விடு, ஒரு பட்டன்தான், அழுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று வாய்விட்டே கெஞ்சினேன். நம்பினால் நம்புங்கள், அந்த உச்சி வெயிலில் என் உள்ளங்கால் சில்லிட்டது. ஏசி அறையின் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது ஏறுமே, அந்தச் சில்லிப்பு. ஸ்பிரிட் வாசனைகூட வந்தது. கண்ணை மூடித் திறந்தேன், 'அனுமதிக்கப்பட்டது' என்று திரையில் இருந்தது.

எப்படி என்று யோசிக்க நேரமில்லை. பாவாவின் படங்களைத் தேடி எடுத்து அனுப்பினேன். கிடைத்துவிட்டது என்று அக்கா சொன்ன பிறகு எழுந்தால், காலடியில் செருப்பைக் காணோம்.

"இங்கதானம்மா வுட்ட, நான் பாத்தேனே" என்று கடைக்காரரும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். நாய் தூக்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெறுங்காலோடு வண்டியை எடுத்தேன்.

பாவா பிழைத்துக்கொண்டார். வலது கைதான் இன்னும் சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் சென்டருக்குப் போய் சர்வரின் பதிவைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு அனுமதி கொடுத்திருந்தது அந்த அறையின் மவுஸ்தான். யாரிடமாவது சாவி கொடுத்திருந்தீர்களா என்று முனிரத்தினத்திடம் கேட்டேன்.

"ஆருகிட்டயும் தரலம்மா. மலைல இருந்து எறங்கசொல்லவே சாயங்காலம் ஆயிடுச்சி" என்றவர், "ஆனா நீ வந்துட்டுப் போயிருக்கியே. வந்து பாத்தா பூட்டு போட்டது போட்டபடி கீது, லேடீஸ் செருப்பு ஒரு ஜோடி மட்டும் வாசல்ல கெடக்குது, உன்ன வுட்டா வேற ஆரு? எடுத்து வெச்சிகீறேன்" என்று அலமாரிக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார். பஞ்சர் கடையில் காணாமல்போன அதே ஜோடி.

பழைய ஜோடியை என்றைக்கோ அங்கே மறந்திருப்பாய் என்பீர்கள். பழைய செருப்பு வார் அறுந்துபோய், அன்று காலைதான் திருவள்ளூரில் அந்த ஜோடியை வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு நான் திருத்தணிக்குள் கால் வைக்கவே இல்லை.

இப்போதும் இதே வேலைதான் செய்கிறேன். ஆனால் வெளியூர் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதில்லை. வேலை முடிகிறவரைக்கும் அது காலில் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.