அரைகுறையாய்க் கழுவிய குழாய்

ஆய்வகத்தில் அவளுக்குக் 'கோழி' என்று பட்டப்பெயர். நாள் முழுக்கக் குனிந்தபடி, ரத்தத்திலிருந்து செல்களை ஒவ்வொன்றாகக் கொத்தியெடுத்துத் தனித்தனிக் குழியில் போடும் இயந்திரத்தோடு மாரடிப்பதுதான் வேலை. ஒருவருடைய எல்லாச் செல்லிலும் மரபணு ஒன்றுதான். அதன்மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள்தான் செல்லுக்குச் செல் மாறும். நோய் தலைகாட்டுமுன்பே அந்தக் குறிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

அவளோடு ஒரே கருவில் பிறந்த இரட்டை அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜை தர இவளை விட்டால் ஆளில்லை. "முதல்ல உங்க செல்லுல அந்தக் குறி இருக்கான்னு பாத்துடணும்" என்றார் மருத்துவர்.

"நல்லதாப் பாத்துக் குடுடி. நீ குடுத்த எது ஒழுங்கா இருந்திருக்கு?" என்றாள் அக்கா, படுக்கையிலிருந்தே.

ஒரே குடும்பத்து ரத்தத்தை ஒரே நாளில் இயந்திரத்தில் ஏற்றக் கூடாது. ஆய்வகத்தின் கறாரான விதி அது. ஆனால் அக்கா நாளுக்கு நாள் உருக்குலைந்துகொண்டிருந்தாள். மறுநாள்வரை பொறுக்கக் கோழியால் முடியவில்லை. அக்காவின் ரத்தம் போன குழாயை அரைகுறையாய்க் கழுவிவிட்டு, அன்றே தன்னுடையதையும் ஏற்றினாள்.

முடிவு வந்தது. அவளுடைய செல்கள் சிலவற்றில் நோய்க்குறி.

ஆய்வகத் தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. "வேற யாரா இருந்தாலும் மரபணுவை வச்சு இது யாரோட செல்லுன்னு சொல்லிடலாம். உங்க ரெண்டு பேருக்கும் அது அச்சு அசல் ஒண்ணு. குழாயில தங்கினது வந்துச்சா, உன் உடம்புலயே இருக்கான்னு எவன் சொல்லுவான்? இத்தனை வருஷமா இங்க என்னம்மா கிழிச்ச?"

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மஜ்ஜை எடுப்பதை மருத்துவர் நிறுத்திவைத்தார். புது ரத்தம், வேறொருவர் கை, எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் அக்காவின் நுரையீரலில் கிருமி புகுந்துவிட்டது. "இனிமே மஜ்ஜை ஏத்துனா உடம்பு தாங்காது" என்று மருத்துவர் கைவிரித்த அன்று மத்தியானம், இரண்டாவது முடிவு கோழியின் போனுக்கு வந்தது. சுத்தம். ஒரு செல்லில்கூடக் குறி இல்லை.

அந்த முடிவு திரையில் திறந்திருந்த போனோடு அக்காவின் அறைக்குள் போனாள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"என்னடி வந்துச்சு?"

சுத்தம் என்று சொன்னால், 'அப்போ ஏன்டி இத்தனை நாள் இழுத்தே?' என்று அக்கா கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கும் இருக்குக்கா."

அக்காவின் முகம் மலர்ந்தது. நோய் வந்த நாளிலிருந்து அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"பள்ளிக்கூடத்துலேருந்து இதே பொழப்புடி உனக்கு. இதுலயும் என்னைப் பாத்துக் காப்பியடிக்கிறியா?"

சிரிப்பு இருமலாகிப் புரையேறியது. கோழி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"உன் போனைக் குடு" என்று அக்கா கை நீட்டினாள். "அம்மாகிட்ட நானே சொல்றேன்."