சொந்தப் பெயரை எழுதாதே

அறுபதுகளின் கடைசியில் ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தேன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ். ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தால் பெங்களூர் ஃபாக்டரியில் சேர்ந்துவிடலாம் என்று ஆங்கில வாத்தியார் சொன்னார். பிழைப்புக்கு உதவும் என்று அந்தப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது அந்த ஒரு கடிதம்தான். நான் நம்பினேன்.

கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நாங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். விடைத்தாள் யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாதாம். அதனால் கடிதத்தில் சொந்தப் பெயர் வரக் கூடாது. அவர் கொடுத்த பெயரையும் ஊரையும்தான் எழுத வேண்டும். அரைப் பரீட்சையில் மறந்து என் பெயரை எழுதிவிட்டேன். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியிலேயே அடித்தார்.

"நீ யாருன்னு எவன்டா கேட்டான்?"

அதற்குப் பிறகு என் கை தப்புச் செய்யவில்லை.

பத்தாவதோடு படிப்பு நின்றது. கிருஷ்ணகிரியில் கல் ஏற்றினேன், லாரியில் கிளீனராகப் போனேன், சேலம் வரை சுற்றினேன். இரண்டு வருஷம் கழித்து, எல்லை தாண்டி ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை பழக ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சாப்பாடு, தங்க இடம், பழகி முடித்தால் நிரந்தர வேலை. கேட்டில் ஆளுக்கொரு தாள் கொடுத்து விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க, நான் ஒரே மூச்சில் எழுதி முதல் ஆளாக நீட்டினேன்.

கிளார்க் அதைப் பள்ளிக்கூடத்து டி.சி.யோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "நின்ன ஹெசரேனு?" என்று கன்னடத்தில் பெயர் கேட்டார். சொன்னேன்.

"அப்ப இது யாரு?" என்றார் தமிழில்.

குனிந்து பார்த்தேன். கரும்பலகைப் பெயர். கரும்பலகை ஊர். தெரியாத டைப்ரைட்டிங்கில் தேறியிருப்பதாகவும் எழுதியிருந்தேன்.

"பரீட்சையில அப்படித்தான் சார் எழுதணும்."

"யார் டி.சி.யைத் தூக்கிட்டு வந்தே?"

"ரெண்டு பேரையும் எடுத்துக்குங்க சார்," என்றான் எனக்குப் பின்னால் நின்றவன். "ஷிப்டுக்கு ஒருத்தன் ஆச்சு." வரிசையே சிரித்தது. வேறு தாள் கேட்டேன். வாட்ச்மேன் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான்.

மறுநாள் காலை நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியார் பத்தாம் வகுப்பில் இருந்தார். கரும்பலகையில் அதே கடிதம். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

"பரீட்சைக்குத்தான்யா நான் சொல்லிக் குடுத்தேன். வேலைக்குன்னா உன் பேரைப் போட உனக்குத் தெரிய வேணாமா?"

"வேலைக்குன்னு சொன்னது யாரு சார்?"

அவர் பியூனைக் கூப்பிட்டார். பியூன் வருவதற்குள் நான் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "டேய், வேலை கேட்டு எழுதறப்ப அவங்கவங்க பேரை எழுதுங்கடா."

முன் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தலை நிமிரவில்லை. வாத்தியார் கரும்பலகையை அழிப்பதற்குள் எழுதி முடிக்கிற அவசரம் அவர்களுக்கு.