அறுபதும் பன்னிரண்டும்

2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் ஏறிவிட்டது, கடற்காற்று இன்னும் புறப்படவில்லை, வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேகம் இல்லாத நாள்களைத்தான் அந்த வருடம் நான் விரும்பினேன். எங்கள் வீட்டு மேல்மாடியின் கைப்பிடிச்சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. மழைக்காலத்துக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மேல்முகப்பை முழுவதும் இடித்துவிடுவோம் என்று ஜூலையிலேயே நகராட்சிக்காரர்கள் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் ஒரு உறை கொடுத்தார். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்ளூர் வரிப்பணத்தில் ஒரு நிதி வைத்திருந்தார்கள். தெருவைப் பார்த்த முகப்பைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பழைய முறையிலேயே சீர்செய்தால் செலவில் சரிபாதி அவர்கள் தருவார்கள். அதற்கு மே மாதம் விண்ணப்பித்திருந்தேன். உறைக்குள் அதற்கான பதில் இருந்தது. "தங்களின் தொடர் வீடுகளின் முகப்பு, நீளம் 72 மீட்டர், முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. மற்ற உரிமையாளர்களின் சம்மதக் கடிதங்களை முப்பது நாள்களுக்குள் அளிக்கவும்."

எனக்கு இருப்பது ஒரே வீடு. அதன் முகப்பு பன்னிரண்டு மீட்டர்.

கடிதத்தை மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடி போடாமலே படித்தாள்.

"எழுவத்திரண்டு மீட்டரா? ஏங்க, எனக்குத் தெரியாம எப்ப வாங்கனீங்க?"

"விளையாடாத. எவனோ தப்பா அடிச்சிருக்கான்."

"நீங்க தப்பா எழுதியிருக்க மாட்டீங்களா?"

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நகராட்சி அலுவலகத்தில் அந்த நிதியைப் பார்த்துக்கொள்வது ஒரு இளம்பெண். மேசையில் நான்கு கோப்புகள், ஒரு மின்விசிறி. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள்.

"நீங்களே பாருங்க சார். எழுவத்திரண்டுனுதானே இருக்கு?"

"பன்னிரண்டும்மா. இது ஒன்று."

"இதுவா? இது ஏழு சார்."

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே ஒன்று எழுதுவதென்றால் முதலில் ஒரு சாய்கோடு கீழிருந்து நீளமாக ஏற வேண்டும், பிறகு நேராக இறங்க வேண்டும். ஏழு என்றால் நடுவில் குறுக்காக ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடு இல்லாத ஏழுக்கு எங்கள் ஆசிரியர் மதிப்பெண் தர மாட்டார். எழுபது வருடமாக என் கை அப்படித்தான் எழுதுகிறது. வங்கியில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இதை அவளுக்கு விளக்கினேன். அவள் தலையாட்டியபடி விண்ணப்பத்தின் மேல்பகுதியைக் காட்டினாள்.

"அப்ப உங்க போன் நம்பர்ல இருக்கற ஏழெல்லாமும் ஒண்ணா? நான் நாலு வாட்டி போட்டேன் சார். பிள்ளைச்சாவடில யாரோ எடுத்து, இன்னிக்கி வஞ்சிரம் இல்ல, சுறாதான் இருக்கு, வேணுமானு கேட்டாரு. வீட்டு விஷயம்னு சொன்னா, வீட்டுக்கெல்லாம் கொண்டாந்து தர மாட்டோம்னுட்டாரு."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒரே வீடு எழுவத்திரண்டு மீட்டர் இருக்க முடியாதேன்னு நான்தான் தொடர் வீடுன்னு டிக் போட்டேன். உங்க தெருவுல ஆறு வீடு ஒட்டி ஒட்டி இருக்குல்ல? எல்லாரும் சேந்து கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"சரி. இப்ப பன்னிரண்டுன்னு திருத்திடு."

அவள் உடனே பேனாவை எடுக்கவில்லை. தொடர் வீடுகளுக்கு முன்னுரிமை, அவற்றுக்கான பணம் அடுத்த மாதமே வந்துவிடும். தனி வீடு என்று மாற்றினால் என் பெயர் இரண்டாம் பட்டியலின் கடைசிக்குப் போகும். அந்தப் பட்டியலுக்குப் பணம் அடுத்த நிதியாண்டில்தான்.

"அதுக்குள்ள மழ வந்துடும் சார்," என்றாள். இடிக்கச் சொல்லும் அறிவிப்பின் நகல் ஒன்று அவளுடைய கோப்பிலும் இருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பொறியாளர் கொடுத்த மதிப்பீடு பதின்மூன்று லட்சத்து எண்பதாயிரம். வங்கியில் என்னிடம் இருந்தது எட்டு லட்சம். இதே ஊரில், கதிர்காமத்தில் இருக்கும் மகளிடம் கேட்பதில்லை என்பது நானும் மனைவியும் எப்போதோ எடுத்த முடிவு. நிதி கிடைத்தால் முகப்பு நிற்கும். கிடைக்காவிட்டால் மேல்மாடியின் தெருப்பக்கத்தை இடித்து, தகரம் அடித்து மூடிக்கொண்டு மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

வழியில் அந்த எண்ணை பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். சுவாசாந்த் தூஸ். பிரெஞ்சில் எழுபத்திரண்டுக்குத் தனிப் பெயர் கிடையாது, அறுபதும் பன்னிரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் என் பன்னிரண்டு அதற்குள் பத்திரமாகவே இருந்தது. மற்ற ஐந்து வீடுகளையும் சேர்த்து அந்த அறுபதைத் தேடிப் பிடித்தால் போதும்.

மறுநாள் விடிந்ததும் அளவு நாடாவின் ஒரு முனையை மனைவி கையில் கொடுத்தேன். தெருமுனை வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் அளந்தோம். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "தெருவ விக்கப் போறீங்களா?" என்றார். மொத்தம் அறுபத்தொன்பது மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். ஆறு வீடுகளுக்கும் கீழ்த்தளம் தமிழ்க்கட்டு, மரத்தூண்கள். மேல்தளம் பிரெஞ்சுக்கட்டு, வளைவு ஜன்னல்கள். வேறு வேறு காலத்தில் கட்டியவைதான், ஆனால் மேலே ஓடும் கைப்பிடிச்சுவர் ஒரே உயரம்.

"ஊரு வரிப்பணத்துல நம்ம வீட்டுக்குப் பூச்சு பூசறது நல்லாவா இருக்கு?" என்று நாடாவைச் சுருட்டும்போது மனைவி கேட்டாள்.

இதற்கு என்னிடம் தெளிவான பதில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் எங்கள் வீட்டு முன்னால் நின்று படம் எடுத்தவர்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். கல்யாண ஜோடிகள் மூன்று. ஒருவர்கூட எங்கள் சமையலறையையோ கூடத்தையோ படம் எடுக்கக் கேட்டதில்லை. முகப்பு என் பெயரில் இருக்கிறது, அனுபவிப்பது ஊர். ஊரும் நானும் பாதிப் பாதி போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. உள்ளே ஒழுகுகிற ஓட்டுக்கு நான் யாரிடமும் காசு கேட்கவில்லையே?

மற்ற ஐந்து உரிமையாளர்களில் நான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள். இருவர் பிரான்சில் இருப்பவர்கள். கையெழுத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள், மூலக் கடிதம் பின்னால் வந்தது. இங்கே இருக்கும் இருவரும் காபி கொடுத்து, காபி ஆறுவதற்குள் கையெழுத்தும் போட்டார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு பாய் ஒருவர்தான் பாக்கி.

பாய் கீழ்த்தளத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார், மேலே குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை முசியே என்று, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, கூப்பிடுவார். அதில் மரியாதை எத்தனை பங்கு, கிண்டல் எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

"வாங்க முசியே. தெருவ அளந்தீங்களாமே. எம்பங்கு எவ்ளோ வந்துச்சு?"

"பதினொரு மீட்டர் இருபது."

"பரவால்ல, எங்க அத்தா சொன்னதவிட பத்து சென்டி கூடத்தான்."

நிதியின் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினேன். பத்து வருடத்துக்கு முகப்பை மாற்றக் கூடாது என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"அங்கதான் இடிக்குது. நான் தீபாவளிக்கு முன்னால ஷட்டர் போடறதா இருக்கேன். இந்த மரக்கதவுக்குப் பூட்டு போட்டா திருடனே வந்து, பாவம் பாய்னு இன்னொரு பூட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போவான். போன வருசம் ரெண்டு மூட்ட சேல போச்சு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதவு தேக்கு, அதன் மேல்வளைவு எங்கள் தெருவிலேயே அழகானது. இரும்பு ஷட்டர் வந்தால் தொடர் வீடு என்ற பேச்சே முடிந்தது. நான் நிதியைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கால்மணி நேரம் பேசினேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்குப் பாவாடைத் துணி கிழித்துக் கொடுத்தபடியே கேட்டார். கையெழுத்துப் போடவில்லை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் டீ வந்தது, கையெழுத்து வரவில்லை.

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி மாலை ஒரு மணி நேரம் நல்ல மழை. ஐந்தரை மணிக்கு வெளியே மடாரென்று சத்தம். எங்கள் கைப்பிடிச்சுவரின் பாய் வீட்டுப் பக்க ஓரத்திலிருந்து இரண்டு கை அகலத்துக்குப் பூச்சும் செங்கல்லும் பெயர்ந்து, பாயின் கடைக்கு முன்னால் கட்டியிருந்த படுதாவைக் கிழித்துக்கொண்டு விழுந்து கிடந்தது. கீழே யாரும் இல்லை. நான் படியிறங்கி ஓடினேன், என் வயதில் ஓட்டம் என்று எதைச் சொல்லலாமோ அதைச் செய்தேன்.

பாய் கையில் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா முசியே? நான் ஒரு போன் போட்டா போதும், நாளைக்கிக் காலையில வந்து உங்க மாடிய எடுத்துடுவாங்க."

"தெரியும்."

"போடட்டுமா?"

எனக்குப் பயமாக இருந்தது. என் மனைவி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கும் அடியில்லையே பாய்?" என்றாள்.

"இல்லம்மா. படுதாவுக்குத்தான்." அவர் செங்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டினார். இரண்டு வீட்டுக்கும் அது ஒரே சுவர். எங்கள் உத்தரம் ஒரு பக்கம் அதில் உட்கார்ந்திருக்கிறது, அவருடைய உத்தரம் மறுபக்கம். "உங்க மாடிய கடப்பாரையால இடிச்சா எஞ்செவரு சும்மா நிக்குமா? எனக்குத் தெரியாதா இது? உள்ள வாங்க, பேசுவோம்."

உள்ளே போய்ப் பேசினோம். ஷட்டர் வேண்டாம். பழைய அமைப்பிலேயே புதுத் தேக்குக் கதவு, உள்பக்கம் மடக்கு இரும்புக் கதவு. தெருவிலிருந்து இரும்பு தெரியாது, திருடனுக்கு மட்டும் தெரியும். தேக்குக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும், அதில் பாதி நிதியிலிருந்து வரும். இரும்புக்கு நிதி தராது, அது அவர் செலவு. மிச்சம் தேக்கில் தொண்ணூறாயிரம்.

"அத நீங்க குடுங்க," என்றார் பாய்.

"நான் எதுக்குக் குடுக்கணும்? கதவு உங்களுது."

"பன்னெண்டுன்னு எழுதியிருந்தீங்கன்னா நான் பாட்டுக்கு ஷட்டர் போட்டுட்டுப் போயிருப்பேன். அறுவது மீட்டர நடுவுல கொண்டாந்தது உங்க கையெழுத்து. அந்த அறுவதுக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன்."

"நான் எழுதினது ஒன்றுதான் பாய்."

"உங்களுக்கு ஒண்ணு. ஊருக்கு ஏழு. நான் ஊர்ல இருக்கேன்."

நானும் விடவில்லை. கடைக்கு வருகிற புது அழகில் வியாபாரம் கூடும், அந்த லாபத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். அப்படியென்றால் அந்த நாற்பத்து மூன்று பேரிடமும் ஆளுக்குப் பத்து ரூபாய் வசூல் பண்ணித் தருகிறேன் என்றார். மனைவி அவரிடம் அதையும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் தொண்ணூறாயிரத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டோம். கிழிந்த படுதா முழுக்க என் கணக்கு, அதில் நான் வாதாடவில்லை. பாய் அங்கேயே, துணி மடித்து வைக்கும் பலகை மேல், கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் தேதி ஐந்து பேரின் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். சரியான அளவு 69.40 என்று விண்ணப்பத்தில் திருத்த வேண்டியிருந்தது. பேனாவைத் திறந்தேன். அந்தப் பெண் சட்டென்று விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார், நான் டைப் பண்ணிக்கறேன். நீங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, என் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டு வாங்கினாள்.

செப்டம்பர் கடைசியில் சாரம் கட்டினார்கள். முதல் தவணை நேராக ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. சாய்ந்த சுவரை வரிசை வரிசையாகப் பிரித்து, நல்ல செங்கல்லைத் தனியாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி கட்டினார்கள். நான் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து செங்கல்களை எண்ணினேன். மேலே இருந்த மேஸ்திரி, "பெரியவரே, எண்ணிக்கை தப்பிடுச்சுன்னா சொல்லுங்க, மறுபடி முதல்லேந்து கட்டறோம்," என்று கத்துவார். அக்டோபரில் மழை வந்து சாரம் பத்து நாள் சும்மா நின்றது. ஈரச் சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது. நவம்பரில் ஒரு பெருமழை இரண்டு நாள் விடாமல் அடித்தது. இரண்டு இரவும் நான் தூங்கினேன்.

ஜனவரியில் பொறியாளரும் அந்தப் பெண்ணும் வந்து ஆறு வீட்டையும் அளந்தார்கள், கடைசித் தவணைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். இடிக்கச் சொன்ன அறிவிப்பை ரத்து செய்து, அதற்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். முகப்பு இளமஞ்சளில் நிற்கிறது, கைப்பிடிச்சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. நான் செய்தது சரி. இன்னொரு முறை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

வீட்டு முகப்பில் என் பாதி ஆறு லட்சத்து தொண்ணூறாயிரம். பாயின் கதவில் நாற்பத்தைந்தாயிரம். படுதாவுக்கு நாலாயிரத்து இருநூறு. மழையில் நின்ற சாரத்துக்குக் கூடுதல் வாடகை ஏழாயிரத்து நானூறு. ஆக மொத்தம் ஏழு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து அறுநூறு ரூபாய்.