ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சுவிட்ச்

என் கணவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு முதலில் சொன்னது என் காதுதான்.

எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. யாரோ கழித்துப் போட்ட வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்துக் கிடந்தே அதை ஓட வைத்தார். பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போன பிறகு அவர் பாசமெல்லாம் அதன் மேல்தான். அதில் ஏ.சி. கிடையாது. போன கோடையில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்து, தனியாக ஒரு ஏ.சி.யை வாங்கி டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டினார். எஞ்சினுக்குப் பக்கத்தில் கம்ப்ரசரை வைத்து பெல்ட் போட்டார்கள்.

"உனக்கு ரொம்ப வேர்க்குதேம்மா, அதான்" என்றார்.

அந்த அன்பு அப்போதே எனக்கு இடித்தது. வெளிச்சம் இருக்கும்போது விளக்கு எரிந்தால் திட்டுகிற மனிதர் எனக்காக ஏ.சி. போடுகிறாராம். அதோடு அவருக்குப் பட்டுக் கடையில் விற்பனை வேலை. நாள் முழுக்கக் கடை ஏ.சி.யில் உட்கார்ந்து, "உங்க நிறத்துக்குன்னே நெய்ஞ்சதும்மா" என்று எந்தச் சேலைக்கும் முகம் மாறாமல் சொல்கிறவர். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

நான் தறி வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மூன்று தறி ஓடும். சமையலறையில் இருந்தபடியே எந்தத் தறி நின்றது என்று சொல்லிவிடுவேன். தறி நின்றால் இழை அறுந்திருக்கும், இல்லையென்றால் நெய்கிறவர் எழுந்து போயிருப்பார். மனிதர் கை படாமல் ஓடுவதும் இல்லை, நிற்பதும் இல்லை. கம்ப்ரசரையும் அப்படித்தான் கேட்டேன். அது ஓடத் தொடங்கும்போது முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் லேசாக முக்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டக்', வண்டி இலகுவாகிவிடும். யார் நிறுத்தியது? வண்டியில் இருப்பது இரண்டு பேர். நான் நிறுத்தவில்லை.

ஒருநாள் வண்டியைத் துடைக்கும்போது ஸ்டீயரிங்குக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், ஒரு சுவிட்ச் இருப்பதைப் பார்த்தேன்.

"இன்னாங்க இது?"

"அதுவா? ஃபாக் லைட்டுக்கு."

காஞ்சிபுரத்தில் பனிக்கு விளக்கு. நான் நேராக எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவன் ஒளிக்கவில்லை.

"கம்ப்ரசர் சுவிட்ச்சுக்கா. பாலம் ஏறும்போது, லாரிய ஓவர்டேக் பண்ணும்போது பழைய எஞ்சினு தெணறும். அப்ப கம்ப்ரசர மட்டும் நிறுத்திக்கலாம். காத்து வந்துக்கினேதான் இருக்கும்."

காற்று வந்துகொண்டே இருக்குமாம், குளிர் மட்டும் இருக்காதாம். பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்? போதுமான அளவு குளிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் தானாகவும் நின்று நின்று ஓடும் என்று அவன் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகமாக இருந்தது. படுக்கையறை ஃபேனின் வேகத்தை அவர் குறைத்து வைக்கிறார் என்று சண்டை போட்டேன். மின்சாரத்தில் வோல்டேஜ் இல்லை என்றேன். புதிதாக அடித்த பெயிண்ட்தான் சூட்டைக் கிளப்புகிறது என்றும் சொன்னேன். வண்டியில் ஏறினால் பத்து நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடும். பக்கத்தில் அவர் முகம் உலர்ந்தே இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் ஒருநாள் இதைப் போட்டு உடைத்துவிட்டேன். என் கணவரின் அக்கா. என்னிடம் குறை கண்டுபிடிப்பதில் சலிப்பே இல்லாதவர். அவர் முன்னால் என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாலம் ஏறத்தான் அந்த சுவிட்ச்சு, நீ சண்டைக்கு வருவியேன்னுதான் ஃபாக் லைட்டுன்னேன். ஏமாத்துறதுக்காக நான் அதத் தொட்டேன்னு காட்டு. வண்டிய அன்னிக்கே வித்துடுறேன்."

"ஆமா, அவ தோத்துட்டா?" என்று கேட்டார் நாத்தனார்.

"தோத்துட்டா அக்கா முன்னாடி நான் அபாண்டம் பேசினேன்னு ஒத்துக்கிறேன்" என்றேன். அவர் முன்னால் அதைச் சொல்ல நேர்வதைவிட நான் நடந்தே எங்கும் போய்விடுவேன். அவர் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்.

எலக்ட்ரீஷியனிடம் ஒரு பச்சை பல்பு வைக்கச் சொன்னேன். கம்ப்ரசருக்குக் கரண்ட் போனால் எரிய வேண்டும், போகாவிட்டால் அணைய வேண்டும். காற்றைத் தள்ளும் ஃபேனில் இருந்து பல்புக்கு ஒயரை இழுத்து என்னை ஏமாற்றிவிடுவான் என்று பானட்டைத் திறக்கச் சொல்லி, ஒயரைத் தொட்டுக்கொண்டே கம்ப்ரசர் வரை போய்ப் பார்த்தேன். குளிரைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பி வைத்தான்.

"இந்த வெயிலுக்கு இனிமே அது தானா நிக்காதுக்கா. பல்பு அணைஞ்சா அண்ணன் கை வெச்சாருன்னு அர்த்தம்."

அந்த வாரமே நாத்தனார் திருமுக்கூடல் பெருமாளைக் கும்பிட வேண்டும் என்றார். பந்தயத்தைப் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? அவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அந்த ஏ.சி.யின் காற்று பின்னால் போய்ச் சேர்வதற்குள் பாதி குளிர் போய்விடும். ஆகவே அவருக்கு எதுவும் தெரிய வழியில்லை. பல்பு என் முன்னால் இருந்தது.

வாலாஜாபாத் வரை நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது எரிந்துகொண்டே இருந்தது. அவருடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. கியர் மாற்ற மட்டும் இடது கை இறங்கி ஏறியது.

அப்புறம் எனக்கு வேர்த்தது. மார்பில் இருந்து கழுத்துக்கு, கழுத்தில் இருந்து காதுக்கு, ஒரு சூடு ஏறியது. முதுகு நனைந்தது. பல்பு எரிந்தது. ஏ.சி. வாயில் கையை வைத்தேன். விரல் மரத்துப்போகிற குளிர். அந்தக் குளிர்க் காற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நான் உருகிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதமாக எனக்கு வீட்டு விலக்கு வரவில்லை என்பது அப்போதுதான் இந்த வேர்வையோடு சேர்ந்து மனதில் பட்டது.

"இன்னாமா, பல்பு எரியுதா?" என்றார் பின்னால் இருந்து நாத்தனார்.

என் கணவர் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். அவர் கை ஸ்டீயரிங்குக்கு அடியில் போனது. 'டக்'. பல்பு அணைந்தது.

"எரியலக்கா" என்றார் அவர். "நான்தான் நிறுத்தினேன். ரொம்ப நாளா இப்டித்தான் செஞ்சிக்கினு இருக்கேன்."

நாத்தனார் முன்னால் எட்டிப் பார்த்தார். அணைந்த பல்பையும் பார்த்தார், என் வேர்வையையும் பார்த்தார்.

"வெக்கமா இல்லியாடா? பொண்டாட்டிய வேகவெச்சு பெட்ரோல மிச்சம் புடிக்கிறியா? விக்கிற வழியப் பாரு."

"வித்துடுறேன்க்கா."

அதையும் அவர் முகம் மாறாமல்தான் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன். என் நாத்தனார் என் பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் முறை. அப்படியே விட்டிருந்தால் ஊர் முழுக்க என் நியாயத்தைச் சொல்லியிருப்பார். ஸ்டீயரிங்கில் இருந்த என் கணவரின் கைகளைப் பார்த்தேன். ரேகைக்குள் ஏறிய கிரீஸ் கழுவியும் போகாமல் கறுத்திருந்தது.

நான் குனிந்து அந்த சுவிட்ச்சைத் தேடிப் போட்டேன். பல்பு எரிந்தது.

"அவரு நிறுத்தலக்கா. இத்தினி நேரமும் ஓடிக்கினுதான் இருந்துச்சு. இப்பதான் அணைச்சாரு, எனக்காக. நான் பேசினது அபாண்டம். எனக்குதான் உடம்பு இன்னாவோ பண்ணுது."

பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் இதுவரை நான் கேட்டிராத மாதிரி வந்தது.

"ஏம்மா, உனக்கு நின்னு போச்சா?"

"அப்டித்தான் இருக்குதுக்கா."

அவர் பின்னால் இருந்து கையை நீட்டி, தன் முந்தானையால் என் பிடரியைத் துடைத்துவிட்டார். நான் தலையைத் திருப்பாமல் கணவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ ஃபேனோட சண்ட போட்டப்பலேர்ந்து."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?"

நம்பியிருக்க மாட்டேன்.