மோட்டார் எரிந்துபோக நான் செய்த ஜெபம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். சபையில் யாராவது படித்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று மூடி வைத்துவிடுவேன். நான் ஒன்பதாவது வரைதான் படித்தவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் எங்கள் ஊர். அது நல்ல கோடை. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வீட்டுக் குழாய்களில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் நல்ல தண்ணீர் விடுவார்கள், அதுவும் கொஞ்ச நேரம்தான். எங்கள் வீடு தெருவின் நடுவில் இருக்கிறது. எங்களுக்கு முன்னால், தண்ணீர் வருகிற பக்கத்து மூலையில் ஒரு வீடு, அவர்களும் எங்கள் சபைதான். தெருவின் கடைசி வீட்டில் இருப்பவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள், இந்துக் குடும்பம். அப்போது அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, பச்சைப் பிள்ளையோடு அம்மா வீட்டில் இருந்தாள்.

அந்தக் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். முன்னால் இருக்கிற வீடுகளில் குழாயோடு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவதுதான் காரணம். தோட்டத்துக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, குழந்தையின் உடம்பெல்லாம் பொரிப்பொரியாக வந்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாள். வேலைக்கும் போக முடியவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். மற்ற மதத்துப் பெண்களும் நம்பிக்கையோடு வருவார்கள். சபை ஐயரின், அதாவது போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். கஷ்டத்தை அவர் காதில் சொன்னால், யார் பெயரும் சொல்லாமல் ஜெபிப்பார். அந்த வாரம் கடைசி வீட்டுக்காரியும் வந்து சொல்லியிருந்தாள்.

"ஆண்டவரே, ஒரு சகோதரி மோட்டார் போட்டுத் தண்ணீரை இழுப்பதால் பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. அந்தச் சகோதரியின் மனதைத் தொடும்" என்று ஐயரம்மா ஜெபித்தார்.

எனக்கு உடனே மூலை வீட்டுக்காரிதான் நினைவுக்கு வந்தாள். அவள் வீட்டு மோட்டார் சத்தம் தெருவுக்கே கேட்கும். இருக்கிறவர்களிலேயே சத்தமாக ஆமென் சொன்னது நான்தான். அதோடு விட்டேனா? ஐயரம்மா முடித்ததும் நானும் வாய் திறந்து, "அந்த மோட்டார் எரிந்து புகைந்து போகட்டும் ஆண்டவரே, அப்போதாவது புத்தி வரட்டும்" என்று உருக்கமாக ஜெபித்தேன். பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தால், மூலை வீட்டுக்காரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அதற்கும் ஓங்கி ஆமென் சொல்கிறாள். இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபம் முடிந்து டீ கொடுத்தார்கள். நான் கடைசி வீட்டுக்காரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கவலைப்படாதட்டி. ஜெபம் பண்ணியாச்சுல்லா, இனி அவிய மோட்டார் ஓடாது பாரு" என்றேன்.

"எவிய மோட்டாருக்கா?"

நான் கண்ணாலேயே மூலை வீட்டுக்காரியைக் காட்டினேன். கடைசி வீட்டுக்காரி டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அவிய போட்டாலும் எங்களுக்குச் சொட்டுச் சொட்டா வருதுக்கா. உங்க வீட்டுல போட்ட பொறவுதான் சுத்தமா நின்னு போகுது. நான் ஐயரம்மாட்ட உங்க பேரச் சொல்லலக்கா."

அவளே திரும்பவும் பேசினாள்.

"ஆனா எரிஞ்சு போகணும்னெல்லாம் ஜெபம் பண்ணாதீங்கக்கா. விலை கூடுன சாமான். சுவிட்சப் போடாம இருந்தாப் போதும்."

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னாள். என் ஜெபத்தின் மேல் என்னைவிட அவளுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் மோட்டார் சின்னது, சத்தமே வராது, கொஞ்ச நேரம்தான் போடுகிறோம் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் தொட்டி நிரம்பி வழிந்து, மிச்சத் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றியதும் நான்தானே. அதைப் பாவம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

வீட்டுக்காரரிடம் மோட்டாரைக் கழற்றிவிடுங்கள் என்றேன்.

"எல்லாரும் போடுதாங்க. நாம மட்டும் நிறுத்துனா நம்ம தொட்டிக்கும் வராது. பொறவு நீதான் கொடம் தூக்கணும்" என்றார்.

"தூக்குதேன்" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது எங்கள் குழாயில் நூல் மாதிரி வந்தது. பிடித்த வரை பிடித்துவிட்டுக் கடைசி வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். அங்கே குடத்தின் அடிகூட நிறையவில்லை. மூலை வீட்டு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மூலை வீட்டுக்காரி வாசலுக்குப் போகக் கால் கூசியது. இருந்தாலும் போனேன்.

"அன்னைக்கு டீ குடிக்கையில நீங்க என்னயக் கண்ணால காட்டுனதப் பாத்தேன். ஜெபம் பலிச்சிருக்கான்னு பாக்க வந்தீயளோ? இன்னும் எரியல" என்றாள்.

"அது எனக்கு நானே பண்ணிக்கிட்ட ஜெபம். உங்க மோட்டார்னு நெனச்சுப் பண்ணிட்டேன். எங்க மோட்டாரக் கழத்தியாச்சு" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் உங்கள நெனச்சுத்தான் ஆமென் சொன்னேன்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள், மோட்டார் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருக் கடைசியிலிருந்து அந்தப் பிள்ளை பெற்றவளின் குரல் கேட்டது: "யம்மா, தண்ணி வருது, கொடத்த எடுத்துட்டு வா."

இப்போது எங்கள் வரிசையில் யாரும் மோட்டார் போடுவதில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது, அது போதுமானதாக இருக்கிறது. ஜெபத்தில் யாராவது "ஒரு சகோதரி" என்று ஆரம்பித்தால், அது நானாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் ஆமென் சொல்கிறேன்.

எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தவள், போன வருடம் ஒருநாள் துணிந்து இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். சில மாதம் கழித்துப் புதியம்புத்தூரில் இருக்கிற என் நாத்தனார், "மூலை வீட்டு மோட்டார ஜெபம் பண்ணியே நிறுத்துனியளாமே மதினி" என்று பெருமையாகக் கேட்டாள். வாய்க்கு வாய் மாறி, மோட்டார் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. கேட்க எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அதனால்தான் பயந்துபோய் எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் தயவுசெய்து எதையும் மாற்றாமல், மோட்டார் என் வீட்டில்தான் ஓடியது என்றே சொல்லுங்கள்.