கண்ணன் எழுந்து நின்ற நொடி

போன சனிக்கிழமை டிவி ரிமோட்டை ரிப்பேருக்குக் கொடுக்க ஹட்டன் டவுனுக்குப் போனேன். திரும்பும்போது நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. எதற்கு? ஒரு வீடியோ கேமுக்கு!

அந்த ரிப்பேர்க் கடை முதலாளி எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். அவரிடம் இரண்டு சேல்ஸ்மேன்கள் – யோகா, கண்ணன். தீபாவளியன்றும் கடை உண்டு, ஒருவருக்குத்தான் லீவு, யாருக்கென்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் நானா.

யோகாவுக்கு நோட்டன் பிரிட்ஜில், மாமியார் வீட்டில், பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் முகம் பார்க்கவில்லை. கண்ணன் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? அவனும் பொங்கலுக்குப் பிறகு வலப்பனைக்கு, வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஆகவே கேம். ஜெயித்தவனுக்கு லீவு. பழைய சாமான்களோடு கொழும்பிலிருந்து வந்த பெட்டி. அதில் இருந்த ஒரே ஆட்டம் அமெரிக்க ஃபுட்பால். முட்டை மாதிரிப் பந்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டம்.

இதில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஆட்டம் முடியும் நேரம். இன்னொன்று மூலையில், இருபத்தைந்திலிருந்து இறங்கும். அது பூஜ்யமாவதற்குள் பட்டனை அமுக்கிப் பந்தை எடுக்க வேண்டும். தவறினால் ஐந்து கஜம் பின்னால். நடுவில் ஆட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது – இது அவர்கள் போட்ட ஒப்பந்தம்.

நான் போனபோது கண்ணன் மூன்று புள்ளி முன்னால். பந்தும் அவனிடம். என்ன செய்தான் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை! சின்னக் கடிகாரம் ஒன்றுக்கு வரும்வரை சும்மா இருந்துவிட்டு அமுக்கினான். ஒவ்வொரு தடவையும். பஸ் ஸ்டாண்டில் எஞ்சினை உறுமவிட்டு ‘இந்தா போறோம், போறோம்’ என்று நேரத்தைத் தின்னும் கண்டக்டர் தோற்றான்.

“அமுக்குடா!” என்றான் யோகா.

“அவசரம் ஒனக்கு. எனக்கென்ன?”

“புள்ள மொகத்த இன்னும் பாக்கலடா...”

“நேரம் எறங்குது பாரு. அத மொதல்ல பாரு.”

பெரிய கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. கண்ணன் இன்னும் இரண்டே கஜம் நகர்ந்தால் பந்து அவனிடமே இருக்கும். மீதி நேரத்தையும் அவனே தின்றுவிடலாம். மூலையில் ஐந்து... நான்கு...

கதவு திறந்தது. நனைந்த குடையோடு ஒரு அம்மா.

கண்ணன் விருட்டென்று எழுந்தான். “வாங்கக்கா, என்ன வேணும்?”

அவன் யோசிக்கவேயில்லை. எத்தனை வருஷப் பழக்கம்! வாசலில் நிழல் ஆடினால் எழுந்து நின்றாக வேண்டும். உட்கார்ந்தபோது திரையில் பூஜ்யம். அபராதம். இப்போது ஏழு கஜம்.

தள்ளிக்கொண்டு போக முடியாது என்று பதறி, பந்தை வீசினான். யோகாவின் ஆள் குறுக்கே பாய்ந்து பிடித்தான். ஓடினான்... எல்லைக்கோடு வரை ஓடினான். யோகாவுக்கு ஆறு புள்ளி, பெரிய கடிகாரமும் பூஜ்யம்.

யோகா முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“போய்த் தொல,” என்றான் கண்ணன். “புள்ளைக்கு என் பேர வையி.”

“பொம்பளப் புள்ளடா!”

“அப்ப கண்ணம்மான்னு வையி.” அந்த அம்மாவிடம் திரும்பினான். “சொல்லுங்கக்கா.”

“டோர்ச்சுக்கு ரெண்டு பேட்டரி. மெதுவா எடுங்க தம்பி, அவசரமில்ல.”

கடைசி நொடி வரை காத்திருக்க ஆசைப்படுகிறவர்களே... கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.